சொல் தெரிந்தும் ஆங்கில வசனம் பிழையாவது ஏன்?

எமது பிள்ளைகள் மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும்போது ஒன்பது வருடங்கள் கடந்துவிடுகின்றன. அப்படியிருந்தும், ஏராளமான சொற்களுக்குக் கருத்துத் தெரிந்த பிள்ளைகூட, ஒரு சிறு கடிதம் எழுதச் சொன்னால் தடுமாறுகிறது. "இலக்கணம் போதாது" என்று நினைத்துப் பெற்றோர் இன்னொரு டியூஷன் வகுப்பில் சேர்க்கிறார்கள். ஆனால் விடைத்தாள்களைத் திருத்தும்போது நாங்கள் அடிக்கடி காண்பது வேறொரு பிழை. காலம் சரி, எழுத்துக்கூட்டல் சரி. வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன.

இதனை விளங்கிக்கொள்ள முதலில் எமது தமிழையே பார்ப்போம். நாம் நோன்பு 'பிடிக்கிறோம்', நோன்பு 'திறக்கிறோம்'. நோன்பைக் கையால் பிடிக்கவும் முடியாது, கதவைப் போலத் திறக்கவும் முடியாது. ஆனாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் பெயரோடு அந்த வினை சேரும் என்பது பழக்கத்தால் வந்தது.

இதையே ஒரு மாணவன் ஆங்கிலத்தில் எழுதப் போனால், 'திற' என்பதற்கு 'ஓப்பன்' என்று பாடமாக்கியிருப்பதால், 'ஓப்பன் த ஃபாஸ்ட்' என்று எழுதுகிறான். ஆங்கிலத்தில் அது 'பிரேக் த ஃபாஸ்ட்'. 'பிரேக்' என்றால் உடைத்தல், முறித்தல் என்று படித்த பிள்ளை அதை எழுதத் தயங்கும். ஏனென்றால், எமது பேச்சில் 'நோன்பை முறித்தல்' என்பது நேரத்துக்கு முன்னர் நோன்பை விடுவதாகும். ஆங்கிலேயருக்கு அந்தக் குழப்பம் இல்லை. இரவு முழுதும் உண்ணாதிருந்து காலையில் உண்பதற்கு அவர்கள் வைத்த பெயரான 'பிரேக்ஃபாஸ்ட்' கூட இதே இரண்டு சொற்களால் ஆனதுதான். அதேபோல 'துஆ கேட்டல்' என்பதை 'ஆஸ்க் துஆ' என்று மாற்றுவார்கள். ஆங்கிலம் பேசும் முஸ்லிம்களிடம் பழகிப்போனது 'மேக் துஆ'.

இந்த வகைப் பிழை சில வேளைகளில் கருத்தையே தலைகீழாக்கிவிடும். இலங்கையில் நாம் 'கோல் எடுக்கிறேன்' என்று சொல்கிறோம். அதை அப்படியே 'டேக் எ கோல்' என்று ஆங்கிலமாக்கினால், வந்த அழைப்புக்குப் பதிலளிப்பது என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். நாம் அழைப்பதற்கு 'மேக் எ கோல்' அல்லது 'கிவ் ஹிம் எ கோல்' என்று சொல்ல வேண்டும். வளைகுடாவில் ஹோட்டலொன்றில் வேலை செய்யும் எமது இளைஞரிடம் முகாமையாளர் 'டேக் திஸ் கோல்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணி அடிக்கும் தொலைபேசியை எடுத்துப் பேசுவதா, யாருக்காவது அழைப்பதா என்று அவர் யோசித்து நின்றால் பிரச்சினை அங்கே ஆரம்பமாகிறது. அவருக்கு 'டேக்' என்ற சொல்லும் தெரியும், 'கோல்' என்ற சொல்லும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் வரும் கருத்துத்தான் தெரியாது.

சொற்கள் இப்படிச் சேர்ந்து வரும் பழக்கத்தை மொழியியலாளர்கள் 'கொலோகேஷன்' என்கிறார்கள். தமிழில் சொற்சேர்க்கை எனலாம். ஒரு சொல்லின் கருத்தை அது எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதிலிருந்து அறிய வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தியவர் ஜே. ஆர். ஃபெர்த் என்ற பிரித்தானிய மொழியியலாளர். அவர் 1920களில் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி, வெறும் கருத்தை மட்டும் தராமல், வினைச்சொல் வசனத்தில் எப்படி வரும் என்பதையும் காட்டும் ஓர் அகராதியை 1942இல் வெளியிட்டார். எமது நூலகங்களில் இருக்கும் ஒக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

மாணவர்களை அதிகம் சோதிப்பவை 'மேக்', 'டூ' ஆகிய இரண்டும். இரண்டுக்கும் 'செய்' என்றே பாடமாக்குகிறார்கள். பொதுவாக, முன்னர் இல்லாத ஒன்று உண்டாகுமானால் 'மேக்' வரும்: மேக் டீ, மேக் எ நொய்ஸ், மேக் எ ப்ரொமிஸ், மேக் எ மிஸ்டேக். ஒரு வேலையையோ கடமையையோ குறித்தால் 'டூ' வரும்: டூ ஹோம்வேர்க், டூ த வொஷிங், டூ யுவர் டியூட்டி. ஆனால் இந்த விதி முழுதாகக் கைகொடுக்காது. படுக்கையை விரித்து ஒழுங்குபடுத்துவது ஒரு வேலைதான், ஆனாலும் அது 'மேக் த பெட்'. ஒருவருக்கு உதவி செய்வது 'டூ எ ஃபேவர்'. ஆகவே விதியை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, சேர்க்கையைப் பழக்கத்தால்தான் பிடிக்க வேண்டும். மருந்து 'குடிக்கிறோம்', ஆங்கிலத்தில் அது 'டேக் மெடிசின்'. டீ 'ஊத்துகிறோம்', அது 'மேக் டீ'. பைப்பைத் 'திறக்கிறோம்', அது 'டேர்ன் ஒன் த டெப்'.

அடுத்த தடை 'மீ', 'ஹிம்', 'இட்' போன்ற பிரதிப்பெயர்கள். தமிழில் என்னை, எனக்கு, என்னிடம், என்னோடு என்று சொல்லின் வாலிலேயே வேற்றுமை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் இருப்பது 'மீ' ஒன்றுதான். அதற்கு முன்னால் 'டு', 'வித்' போன்ற சிறு சொல் வேண்டுமா இல்லையா என்பதை வினைச்சொல்தான் தீர்மானிக்கிறது. 'அவரிடம் கேள்' என்பதில் உள்ள 'இடம்' உருபுக்குச் சமமாக ஏதோ போட வேண்டும் என்று நினைத்து 'ஆஸ்க் ஃப்ரொம் ஹிம்' என்று எழுதுகிறார்கள். 'ஆஸ்க் ஹிம்' போதும். 'அதைப் பற்றி' என்பதை மனதில் வைத்து 'டிஸ்கஸ் அபவுட் இட்' என்கிறார்கள். சரியானது 'டிஸ்கஸ் இட்'. ஆனால் 'டோக்' வந்தால் 'டோக் அபவுட் இட்' என்றே வர வேண்டும். 'டெல் மீ' சரி. அதைப் பார்த்து 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சொன்னால் பிழை, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்பதே முறை.

இன்னொன்று, 'ஸ்விட்ச் ஒஃப்' போன்ற இரட்டை வினைகள். 'ஸ்விட்ச் ஒஃப் த லைட்' என்றும் சொல்லலாம், 'ஸ்விட்ச் த லைட் ஒஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'லைட்' என்ற பெயருக்குப் பதிலாக 'இட்' வந்துவிட்டால் ஒரே வழிதான்: 'ஸ்விட்ச் இட் ஒஃப்'. பிரதிப்பெயர் நடுவில்தான் உட்கார வேண்டும். 'புட் இட் ஒன்', 'பிக் ஹிம் அப்' ஆகியவையும் அப்படியே. எல்லா இரட்டை வினைகளும் இப்படிப் பிரிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதில் 'ஹிம்' கடைசியில்தான் வரும்.

சரி, பெற்றோரும் மாணவர்களும் என்ன செய்யலாம்?

முதலாவது, சொற்களைத் தனியாக எழுதிப் பாடமாக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். கொப்பியில் 'டிசிஷன் – தீர்மானம்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'மேக் எ டிசிஷன் – தீர்மானம் எடுத்தல்' என்று எழுதட்டும். தமிழில் 'எடு' வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'மேக்' வருவது அப்போதே கண்ணில் படும்.

இரண்டாவது, அகராதியில் வினைச்சொல்லைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேட வேண்டும். 'மேக்' என்று தேடினால் பக்கக்கணக்கில் வரும். 'டிசிஷன்' என்று தேடினால், அதன் உதாரண வசனங்களிலேயே துணை வினை கிடைத்துவிடும். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் அகராதிகளிலும் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் முடிந்ததும், அதில் வந்த ஐந்து சோடிகளைக் கோடிட்டு, ஒவ்வொன்றையும் தன் வீட்டைப் பற்றிய ஒரு வசனத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாத தாயும் தந்தையும்கூட, கோடிட்டிருக்கிறதா, வசனம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

'முப்பது நாளில் ஆங்கிலம்' என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டும் குடும்பங்கள் எமது ஊர்களில் நிறைய உண்டு. ஆயிரம் சொற்கள் அச்சிட்ட தாளைத் தந்து பாடமாக்கச் சொல்லும் வகுப்பாக இருந்தால், அந்த ஆயிரம் சொற்களும் தாளிலேயே தங்கிவிடும். வகுப்பில் சேர்க்கும் முன், இந்த ஆசிரியர் சொற்களைத் தனித்தனியாகத் தருகிறாரா, வசனத்தில் வைத்துத் தருகிறாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பழைய கொப்பியைப் புரட்டினாலே அதற்கு விடை கிடைத்துவிடும்.