கல்லால் அழுத்திய கெளுத்தி மீன்

ஒன்பதாம் வகுப்பில் புவி அகச்செயல்முறைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று கேட்டதும் கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஆதிசேஷன் பூமியைத் தலையில தாங்கிட்டிருக்கு சார். தலையை மாத்தி வைக்கும்போது ஆடுதுன்னு எங்க ஆயா சொல்லுச்சு" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அதெல்லாம் மூடநம்பிக்கை. உட்காருப்பா" என்று சொல்லிவிட்டுப் புவித்தட்டுகளின் படத்தை வரையத் தொடங்கினேன்.

பாடம் முடிந்தது. ஆனால் அந்த மாணவன் அதன் பிறகு மூன்று வாரங்கள் எந்தக் கேள்விக்கும் கை தூக்கவில்லை. நான் தவறாக எதுவும் கற்பிக்கவில்லை. ஆனாலும் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

அடுத்த பாடவேளைக்காக ஜப்பான் நாட்டு நிலநடுக்கங்களைப் பற்றிப் படித்தபோது ஒரு போர்க்கடவுளைச் சந்தித்தேன். அவர் பெயர் தகேமிகாசுச்சி. இடியோடும் வாளோடும் தொடர்புடையவர். ஜப்பானியரின் மரபு வழிபாடான ஷிண்டோவில் இன்றும் வணங்கப்படுபவர்.

கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' என்ற பழைய நூல் இவர் பிறப்பைச் சொல்கிறது. நெருப்புக் கடவுளைப் பெற்றெடுத்தபோது தாய் தெய்வமான இசனாமி வெந்து இறந்துபோகிறாள். அவள் கணவன் இசனாகி ஆத்திரத்தில் அந்த நெருப்புக் குழந்தையை வாளால் வெட்டுகிறார். வாளிலிருந்து பாறையில் தெறித்த இரத்தத்திலிருந்து பிறந்தவர்களில் ஒருவரே தகேமிகாசுச்சி.

பின்னர் சூரிய தெய்வமான அமதெராசுவின் தரப்புக்காக இசுமோ நாட்டைக் கேட்டுவரத் தூது செல்கிறார். கடற்கரையில் வாளைத் தலைகீழாக நட்டு, அதன் கூர்முனை மேல் சம்மணமிட்டு அமர்ந்து பேச்சைத் தொடங்குகிறார். இசுமோ தலைவரின் மகன் தகேமினகதா கைபிடிச் சண்டைக்கு அழைக்கிறான். அவன் பற்றிய கை பனிக்கட்டியாகிறது, பிறகு வாளாகிறது. அடுத்து இவர் அவன் கையை இளம் நாணலைப் போல நசுக்கித் தூக்கி எறிகிறார். சுமோ மல்யுத்தத்தின் தொடக்கமாக இந்தச் சண்டையைச் சொல்வதுண்டு. இபராக்கி மாநிலத்திலுள்ள கஷிமா கோயிலே இவரது முதன்மை இடம். கஷிமா தெய்வத்தின் பெயர் எழுதிய திரைச்சுருளை இன்றும் பல போர்க்கலைப் பயிற்சிக்கூடங்களில் காணலாம்.

இவருக்கும் நிலநடுக்கத்துக்கும் என்ன தொடர்பு? கஷிமா கோயில் காட்டுக்குள் ஒரு கல் இருக்கிறது. மண்ணுக்கு மேல் தெரிவது சிறு பகுதிதான். அதன் பெயர் கனாமே-இஷி. அச்சாணிக் கல் என்று சொல்லலாம். பூமிக்கு அடியில் நமாசு என்ற பெரிய கெளுத்தி மீன் கிடக்கிறது. அது துள்ளினால் நிலம் நடுங்கும். கஷிமா கடவுள் இந்தக் கல்லால் அதன் தலையை அழுத்தி வைத்திருக்கிறார் என்பது மக்கள் நம்பிக்கை. பகைவரை அடக்கியவர் மண்ணுக்கு அடியிலுள்ள பகையையும் அடக்குவார் என்று எண்ணியிருக்கிறார்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு செய்தி. கெளுத்தி மீன் பிற்காலத்தில் வந்தது. 17ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் ஜப்பானைச் சுற்றி வளைத்துக் கிடப்பது பாம்பு போன்ற ஒரு டிராகன். அதன் தலையை அழுத்துவதும் இதே கல்தான். என் மாணவனின் ஆயா சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

1855 நவம்பர் 11 இரவு, இன்றைய டோக்கியோவான எடோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இறந்தவர்கள் 7,000 முதல் 10,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. கடவுள் காக்கவில்லையே என்ற கேள்விக்கு மக்களிடம் விடை இருந்தது. ஜப்பானிய நாட்காட்டியில் அது பத்தாம் மாதம். அந்த மாதம் கடவுளர் எல்லோரும் இசுமோவில் கூடுவார்கள். காவலுக்கு விடப்பட்ட எபிசு தூங்கிவிட்டார், மீன் துள்ளிவிட்டது!

சில நாட்களிலேயே கெளுத்தி மீன் படங்கள் மர அச்சில் வெளிவந்து விற்பனையாயின. சிலவற்றில் மக்கள் மீனை அடிக்கிறார்கள். சிலவற்றில் வேலை பெருகிய தச்சர்கள் மீனுக்கு நன்றி சொல்கிறார்கள். வேறு சிலவற்றில் மீன் செல்வந்தர்களைக் காசு கக்க வைக்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அரசு இவற்றைத் தடை செய்தது. பேரிடரில் யார் இழந்தார், யார் ஈட்டினார் என்று பேசும் வரலாற்றுச் சான்றுகளாகவே இவை இன்று படிக்கப்படுகின்றன.

2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது கஷிமா கோயிலின் பெரிய கல் தோரணவாயிலே விழுந்தது. கோயில் வளாகத்துத் தேவதாரு மரங்களைக் கொண்டு 2014இல் அதை மரத்தால் மீண்டும் எழுப்பினார்கள். நாட்டின் பாதுகாப்பை ஜப்பானியர் அந்தக் கல்லிடம் மட்டும் ஒப்படைத்துவிடவில்லை. 1923 பெருநிலநடுக்கத்தின் நினைவாகச் செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாள். அதையொட்டிப் பள்ளிகளில் ஒத்திகை நடக்கிறது. 2007 முதல் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை வழங்கப்படுகிறது. டோக்கியோவில் பெரும் நிலநடுக்கத்தின்போது அவசர ஊர்திகளுக்காக ஒதுக்கப்படும் சாலைகளின் பலகையில் இருக்கும் படம் என்ன தெரியுமா? அதே கெளுத்தி மீன்தான்.

மறுநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தேன். ஒன்றில் 'மக்கள் எதைக் கண்டார்கள்?', மற்றொன்றில் 'அதற்கு என்ன காரணம் சொன்னார்கள்?' என்று எழுதினேன். முதல் கட்டத்தில் மாணவர்கள் சொன்னவை: நிலம் திடீரென ஆடுகிறது, ஆட்டம் அடியிலிருந்து வருகிறது, நின்றுபோய் மீண்டும் வருகிறது. இவை அனைத்தும் சரியான உற்றுநோக்கல்கள். இரண்டாம் கட்டத்தில் பாம்பு, மீன், புவித்தட்டு மூன்றையும் எழுதினோம். "இவற்றுள் எதை அளந்து சோதிக்க முடியும்?" என்று கேட்டேன். தட்டுகளின் நகர்வை அளக்கலாம் என்ற விடை மாணவர்களிடமிருந்தே வந்தது. ஜப்பானை ஒட்டி நான்கு தட்டுகள் சந்திப்பதைப் படத்தில் காட்டினேன். அறிவியலை நான் ஒரு படிகூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆயாவையும் யாரும் கேலி செய்யவில்லை.

பிறகு அந்த மாணவனிடம், "அன்னிக்கு நீ சொன்னதை நான் சரியாகக் கேட்கலப்பா. உங்க ஆயா சொன்ன கதையை முழுசா சொல்றியா?" என்றேன். தயங்கி எழுந்தான். சொல்லி முடித்துவிட்டு உட்காரவில்லை.

"சார், மீன் துள்ளுறதுக்கு முன்னாடியே தெரியணும்னா என்ன பண்ணணும்?"

முன்னெச்சரிக்கைக் கருவிகள் பற்றிய அடுத்த பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.