புகை அடித்தும் கொசு சாகாதது ஏன்?

டிங்கி காய்ச்சல் கண்ட தாமான்களில் புகை மருந்து அடித்த மறுநாளே, "கொசு மறுபடியும் கடிக்குதே" என்ற புலம்பல் கேட்கிறது. "மருந்துக்குக் கொசு பழகிப் போச்சு" என்று காரணமும் நாமே சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லில்தான் சிக்கல். எந்தக் கொசுவும் தன் ஆயுளில் மருந்துக்குப் பழகுவதில்லை. பழகுவதற்குள் செத்துவிடும்.

நடப்பது வேறு. புகை மருந்திலும், வீட்டு ஸ்பிரேயிலும், கொசுவர்த்திச் சுருளிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்திராய்டு வகை இரசாயனம். கொசுவின் நரம்பில் சோடியம் நுழைய மிக நுண்ணிய வாசல்கள் உண்டு. மருந்து அங்கே ஒட்டிக்கொண்டு வாசலை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடித்து, கொசு விழுகிறது.

ஆனால் ஏதோ சில கொசுக்களின் மரபணுவில், மருந்து வருவதற்கு முன்பே, எழுத்துப் பிழை போல ஒரு சிறு மாற்றம் இருக்கும். அதனால் வாசலின் அமைப்பு சற்றே மாறி, மருந்து சரியாக ஒட்டாது. மற்றவை சாக, இவை பிழைக்கும். ஒரு பெண் கொசு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டைகள் இடும். முட்டை கொசுவாக ஒன்றரை வாரம் போதும். அதே மருந்தை அடிக்க அடிக்க, பிழைத்தவற்றின் வாரிசுகளே பெருகும். மருந்தை உடலுக்குள்ளேயே சிதைக்கும் நொதிகள் அதிகம் சுரக்கும் கொசுக்களும் உண்டு.

2015இல் வெளியான ஓர் ஆய்வு பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு, கோத்தா பாரு கொசுக்களைச் சோதித்தது. வீட்டோடு ஒட்டி வாழும் ஏடிஸ் எஜிப்தியிடம் அத்தகைய இரண்டு மரபணு மாற்றங்கள் இருந்தன. செடி கொடிகளுக்கு இடையே, தோட்டப்புறங்களில் அதிகம் திரியும் ஏடிஸ் அல்போபிக்டஸிடம் எதிர்ப்பு குறைவு. நம் வீட்டு ஸ்பிரேயும் சுருளும் எஜிப்தியைத்தானே தினமும் சந்திக்கின்றன!

அதற்காகப் புகை அடிக்க வருபவர்களிடம் கதவைச் சாத்திவிட வேண்டாம். உள்ளே ஒளிந்திருக்கும் கொசுவுக்குப் புகை எட்டாததும் ஒரு காரணம். கதவு, சன்னல்களைத் திறந்து வைக்கலாம்.

புகை, பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை அது தொடாது. ஏடிஸ் முட்டையோ, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே குளியலறைத் தொட்டி, பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தோம்பு எதுவானாலும் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைப் பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.