போதை போனால் வாசனையும் போகுமா?

ஆல்கஹால் இல்லாத பீரைக் குடித்துப் பார்த்த சிலர், "ஏதோ குறையுதே!" என்று உதட்டைப் பிதுக்குவது ஏன், நேயர்களே? குறைவது போதை மட்டுமல்ல, வாசனையும்தான். பீரைச் சூடாக்கி ஆல்கஹாலை ஆவியாக்கினால், கோதுமை பீரில் லேசாக வீசும் வாழைப்பழ மணம் போன்றவையும் கூடவே கிளம்பிவிடும். வாயில் கொஞ்சம் தண்ணியாகவும் தெரியும். சரி, நொதிப்பதையே பாதியில் நிறுத்தினால்? ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும் வருமே, அந்த மால்ட் வாசனை தூக்கலாகிவிடும், இனிப்பும் கூடும்! அதனால்தான் ஜெர்மனியின் பல ஆலைகளில், கலனுக்குள் அழுத்தத்தைக் குறைத்து, இளஞ்சூட்டிலேயே ஆல்கஹாலைப் பிரிக்கிறார்கள். அப்படியும் பழைய மணம் முழுசாகத் தங்குவதில்லை. இன்னொன்று, அங்கே லேபிளில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று போட்டிருந்தாலும், அரை சதவீதம் வரை உள்ளே இருக்கலாம்!