படிக் கணக்கும் கிலோ கணக்கும்
கொத்தமல்லி, வெந்தயம் விதைப்போர் கவனத்திற்கு

செஞ்சிக் கோட்டையில் இராஜகிரி மலையடிவாரத்தில் உள்ள தானியக் களஞ்சியங்கள், கலமும் மரக்காலும் வழங்கிய காலத்தவை. 1956-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் கிலோ எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லும் மணிலாவும் எடை போட்டே விற்கப்படுகின்றன. ஆனால் கொத்தமல்லி, வெந்தயம் போன்ற சமையல் வாசனைப் பயிர்களின் விதையைப் படியாலும் ஆழாக்காலும் அளக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. சிபாரிசுகளோ கிலோவில் சொல்லப்படுகின்றன. படியைக் கிலோ என்று எண்ணி விதைத்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

ஒரே படி, வேறு எடை

கொத்தமல்லிக் காய் உருண்டையானது. உள்ளே குழிவு உண்டு. ஆகவே இடத்தை அடைக்கும், எடை நிற்காது. வெந்தயமோ கெட்டியான விதை, நெருங்கிப் படியும். ஒரே ஆழாக்கில் அளந்தால் வெந்தயத்தின் எடை கொத்தமல்லியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும்.

இறவையில் கொத்தமல்லிக்கு எக்டேருக்கு 10 முதல் 12 கிலோ விதை தேவை. வெந்தயத்துக்கு 12 கிலோ. ஏக்கர் கணக்கில் 12 கிலோ என்பது சுமார் 5 கிலோ ஆகும். உதாரணமாக, ஓர் ஆழாக்குக் கொத்தமல்லி 60 கிராமும் வெந்தயம் 120 கிராமும் நிற்பதாகக் கொள்வோம். படிக்கு எட்டு ஆழாக்கு. அப்படியானால் 5 கிலோ கொத்தமல்லிக்குப் பத்துப் படிக்கு மேல் வேண்டும். வெந்தயத்துக்கு ஐந்து படிக்குச் சற்று மேல் போதும். "படி என்றால் கிலோ" என்று ஐந்து படி கொத்தமல்லியை விதைத்தவரின் வயலில் பாதிப் பயிர்தான் இருக்கும். களை எடுக்கும் கூலியும் தண்ணீரும் மட்டும் குறையாது.

மானாவாரிக் கொத்தமல்லிக்கு எக்டேருக்கு 20 முதல் 25 கிலோ விதை தேவைப்படுவதால், அங்கே இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்.

உடைத்த பின் அளக்கலாமா?

கொத்தமல்லியை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். உடைத்த பருப்பு நெருங்கிப் படிவதால் ஆழாக்கின் எடை மாறிவிடும். எனவே முழு விதையாக இருக்கும்போதே நிறுத்துக்கொள்வது நல்லது. விதை நேர்த்திக்கும் எடையே ஆதாரம். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்றால், 5 கிலோவுக்கு 20 கிராம். விதையின் எடை தெரியாவிட்டால் மருந்தின் அளவும் தெரியாது.

வீட்டு ஆழாக்குக்கு எடை காண

ஊருக்கு ஊர் பெரிய படி, சின்னப் படி என வேறுபாடு உண்டு. ஆகவே பிறர் சொல்லும் கணக்கை நம்பாமல் கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

1. விதையைப் புடைத்துத் தூசி, பதர் நீக்கிக் காயவைக்கவும்.

2. வெறும் ஆழாக்கைக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளவும்.

3. விதையைக் குலுக்காமல், அமுக்காமல் நிரப்பி, குச்சியால் தலை தட்டவும். குவித்து அளக்கக் கூடாது.

4. மறுபடி நிறுத்து, ஆழாக்கின் எடையைக் கழிக்கவும். மூன்று முறை செய்து சராசரி காணவும்.

5. ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியே எழுதிவைக்கவும். புது விதை வாங்கும்போது மீண்டும் நிறுக்கவும்.

கீரைக் கட்டிலும் இதே கணக்கு

பச்சைக் கொத்தமல்லித் தழையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். தளரக் கட்டினால் கட்டு பெரிதாகத் தெரியும். தண்ணீர் தெளித்தால் எடை கூடும். வெயிலில் வைத்தால் குறையும். கட்டுக் கணக்கில் விற்கும் விவசாயிகள், அறுவடையன்று சில கட்டுகளை நிறுத்துப் பார்த்தால், தமக்குக் கிலோவுக்கு உண்மையில் என்ன விலை கிடைக்கிறது என்பது தெரியவரும். கட்டு விலையா, எடை விலையா எது இலாபம் என்பதை அதன்பின் வியாபாரியிடம் பேசி முடிவு செய்யலாம்.