உறங்கும் விளையாட்டுக் கருவியும் விழித்திருக்கும் மின்சாரமும்

ஆட்டம் முடிந்தது, திரை இருண்டது, ஆடியவரும் எழுந்து போய்விட்டார். ஆனால் சுவரிலுள்ள சுவிட்ச் மட்டும் போட்டபடியே இருக்கிறது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கேம் கன்சோல்கள் உள்ள இல்லங்களில் இக்காட்சி நாள்தோறும் காண்பதே. கருவியை இவ்வாறு இணைப்பிலேயே விட்டுவைக்கலாமா, அன்றி மின் இணைப்பை அறவே துண்டித்துவிட வேண்டுமா? பிள்ளைகள் ஒன்று சொல்வர். மின் கட்டணம் செலுத்தும் பெற்றோர் வேறொன்று சொல்வர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு உண்மை என்பதை இங்குக் காண்போம்.

ஸ்டாண்ட்பை என்பது யாது?

மின்விளக்கின் சுவிட்ச் மின்சுற்றையே துண்டிக்கிறது. கன்சோலின் பொத்தானோ அவ்வாறன்று. "ஓய்வு கொள்" என்று கட்டளை மட்டுமே இடுகிறது. 230 வோல்ட் மின்சாரத்தைக் குறைந்த அழுத்தமுள்ள நேர்மின்னோட்டமாக மாற்றும் பகுதி உள்ளே தொடர்ந்து இயங்கிக்கொண்டுதான் இருக்கும். தொலைவிலிருந்து கண்ட்ரோலரின் பொத்தானை அழுத்தியதும் கருவி எழ வேண்டுமாயின், அந்த அழைப்பைக் கேட்க ஒரு செவி விழித்திருக்க வேண்டுமல்லவா? நீறு பூத்த நெருப்பைப் போன்ற இந்நிலையே ஸ்டாண்ட்பை எனப்படும்.

இதிலும் இருவகை உண்டு. ஒன்று ஆழ்ந்த உறக்கம், மற்றொன்று கோழித்தூக்கம். ஆழ்ந்த உறக்கத்தில் மேற்சொன்ன செவி ஒன்று மட்டுமே விழித்திருக்கும். கோழித்தூக்கத்திலோ இணையத் தொடர்பும் உயிரோடிருக்கும்; சில கருவிகளில் பாதியில் நிறுத்திய ஆட்டமும் ராம் என்னும் நினைவகத்தில் அப்படியே காத்திருக்கும். ராம் நினைவகத்துக்கு ஒரு குறையுண்டு. நொடிக்குப் பல முறை மின்னூட்டம் தந்து புதுப்பிக்காவிடில், அது தான் வைத்திருப்பதை மறந்துவிடும். ஆகவே மின்சாரம் இடையறாது தேவைப்படுகிறது.

செலவு எவ்வளவு?

எக்ஸ்பாக்ஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். இதில் ஸ்லீப், ஷட்டவுன் என இரு நிலைகள் உள்ளன. ஸ்லீப் நிலையில் அது 10 முதல் 15 வாட் வரை மின்சாரம் கொள்ளும். ஷட்டவுன் நிலையில் அரை வாட் அளவே கொள்ளும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஆடி, மீதி 20 மணி நேரம் கருவி ஓய்வில் இருப்பதாகக் கொள்க. 10 வாட் எனில் ஒரு நாளைக்கு 200 வாட்-மணி; ஆண்டுக்கு 73 யூனிட். 15 வாட் எனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 யூனிட். அரை வாட் எனிலோ ஆண்டு முழுவதற்கும் 4 யூனிட்டைக்கூட எட்டாது.

9 வாட் எல்.இ.டி. விளக்கொன்றை நாள்தோறும் 6 மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 யூனிட் செலவாகும். அவ்வாறாயின், எவரும் ஆடாத கருவி ஒன்று மூன்று விளக்குகளுக்கு மேற்பட்ட மின்சாரத்தை விழுங்குகிறது என்பது கண்கூடு.

இவ்விரயத்தை அறிஞர் உலகம் முன்பே கண்டுகொண்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மேயர், ஸ்டாண்ட்பை நிலையில் எந்தக் கருவியும் 1 வாட்டுக்கு மேல் கொள்ளலாகாது என்னும் கருத்தை 1998-இல் முன்வைத்தார். ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு மின்கருவிகளுக்கு 2010-இல் 1 வாட் என்னும் வரம்பை விதித்து, 2013-இல் அதனை அரை வாட்டாகக் குறைத்தது. ஆயினும் இணையத்தோடு தொடர்பு கொண்டு காத்திருக்கும் நிலைக்கு இதைவிடக் கூடுதலான வரம்பே வகுக்கப்பட்டது. கோழித்தூக்கம் செலவு மிக்கதாயிருப்பது இதனாலும் புலனாகும்.

2019-இல் சோனி நிறுவனத்தின் ஜிம் ரயன், வரவிருந்த பிளேஸ்டேஷன் கருவியில் ஆட்டத்தை இடைநிறுத்தி வைக்க அரை வாட் அளவே போதுமானதாகலாம் என அறிவித்தார். பத்து இலட்சம் பேர் இவ்வசதியைப் பயன்படுத்தினால் ஆயிரம் அமெரிக்க வீடுகளின் சராசரி மின் பயன்பாட்டுக்கு ஈடான மின்சாரம் மிஞ்சும் என்றும் அவர் கூறினார். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுவே.

இணைப்பில் வைப்பதன் நன்மைகள்

முதலாவது, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து நொடிப்பொழுதில் தொடரலாம். இரண்டாவது, இன்றைய ஆட்டங்கள் பல 50 ஜிகாபைட்டுக்கும் மேற்பட்டவை. அவற்றின் திருத்தங்களும் பெரியவை. நாம் உறங்கும் வேளையில் கருவியே அவற்றைத் தரவிறக்கிக்கொள்ளும். மூன்றாவது, பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவிகளில் ஓய்வு நிலையிலும் கண்ட்ரோலருக்கு மின்னூட்டம் ஏற்றலாம். நான்காவது, வெளியூரிலிருந்தபடி வீட்டுக் கருவியை எழுப்பி ஆடலாம்.

தீமைகள்

மின் செலவை மேலே கண்டோம். அதனினும் பெரிய இடர் இடி மின்னலும், மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்புகையில் நேரும் அழுத்த ஏற்றத்தாழ்வும் ஆகும். நம் நாட்டில் சுவர்த் துளைகளுக்குத் தனித்தனியே சுவிட்ச் உண்டு. அமெரிக்க இல்லங்களில் பெரும்பாலும் இல்லை. இது நமக்கு வாய்ப்பே. ஆயினும் அந்தச் சுவிட்ச் பொதுவாக ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். மின்னலின் மிகையழுத்தம் மற்றைய கம்பி வழியாகவோ, இணையக் கம்பி வழியாகவோ, தொலைக்காட்சி வழியாகவோ கருவிக்குள் புக இடமுண்டு. ஆகவே இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கையே பிடுங்கிவிடுவதும், இணையக் கம்பியைக் கழற்றிவிடுவதுமே தக்க காப்பு.

துண்டிப்பதிலும் ஒரு முறையுண்டு

சிக்கனம் கருதிச் சட்டெனச் சுவிட்சை அணைப்பதும் தீங்கு தரும். பிளேஸ்டேஷன் 5-இன் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் அது ஓய்வு நிலையில் உள்ளது என்பது பொருள். அவ்வேளையில் மின்சாரத்தைத் துண்டித்தால் நினைவகத்தில் காத்திருந்த ஆட்டம் மறைந்துபோம். சேமிப்பகத்தில் ஏதேனும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் அது சிதையவும் கூடும். பல நாள் உழைத்து எட்டிய கட்டம் ஒரு கணத்தில் பாழாகலாம். அண்மைக்கால எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவிகள் நிறுத்திய ஆட்டத்தின் நிலையை எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் எழுதிவைப்பதால் மின்சாரம் நின்றாலும் அது அழிவதில்லை. எனினும் எழுதும் வேளையில் துண்டிப்பது எதற்கும் ஆகாது.

பேட்டரியுடன் கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் வேறு வகை. அதனை மாதக்கணக்கில் மூடி வைப்பது நன்றன்று; ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் மின்னூட்டம் ஏற்றுதல் வேண்டும்.

முடிவாக

துண்டிப்பதா, விட்டுவைப்பதா என்னும் வாதத்தைவிட, எவ்வகை உறக்கம் என்னும் வினாவே முதன்மையானது. கோழித்தூக்கத்தை விடுத்து ஆழ்ந்த உறக்கத்தைத் தேர்ந்தாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 70 முதல் 106 யூனிட் வரை மிஞ்சுகிறது. அதன்பின் நாள்தோறும் பிளக்கைப் பிடுங்குவதால் கிட்டுவது எஞ்சிய 4 யூனிட்டுக்கும் குறைவே. 2022 முதல் எக்ஸ்பாக்ஸ் கருவிகள் ஷட்டவுன் நிலையிலும் இரவில் தாமே விழித்துத் திருத்தங்களைப் பெற்றுக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. இழப்பது, தொலைவிலிருந்து எழுப்பும் வசதியும், கருவி எழுவதற்கான சில நொடிகளுமே.

எனவே நண்பர்களே, அமைப்புப் பக்கத்தைத் திறந்து குறைந்த மின்சாரம் கொள்ளும் நிலையைத் தேர்ந்திடுக. ஊருக்குச் செல்லும்போதும் இடி இடிக்கும் அறிகுறி தோன்றும்போதும் கருவியை முறைப்படி அணைத்து, விளக்கு முற்றிலும் அணைந்த பின்னரே பிளக்கைப் பிடுங்குக. பிள்ளைகளின் ஆட்டமும் கெடாது. பெற்றோரின் பணமும் வீணாகாது. சில நொடிப் பொறுமையே இதற்கு நாம் தரும் விலை.