தேதி போட்ட காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தவரிடம் கிராம நிர்வாக அலுவலர் “ஆர்.ஐ. பார்க்கணும்” என்கிறார். வருவாய் ஆய்வாளரோ “சர்வேயர் லீவு” என்கிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் “ஃபைல் மேல போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க” என்று பதில் வருகிறது. மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கியாயிற்று, ஒரு நாள் கூலியும் போயிற்று. ஆனால் அங்கே சொல்லப்பட்ட எதுவும் எந்தத் தாளிலும் பதிவாகவில்லை. நாளை யாரும் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று சொல்லிவிடலாம். ஏழைகளின் வேலை இழுத்தடிக்கப்படுவதும், அந்த இழுத்தடிப்பில் கையூட்டு முளைப்பதும் இந்த வாய்ப்பேச்சில்தான்.

அரசு நிர்வாகத்தைச் சீர்திருத்த இந்தியா ஆணையங்களுக்குக் குறை வைக்கவில்லை. முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966-ல் வந்தது. 2005-ல் வீரப்ப மொய்லி தலைமையில் அமைந்த இரண்டாவது ஆணையம் 15 அறிக்கைகள் தந்தது. பரிந்துரைகளில் பல நடைமுறைக்கு வராமல் கிடக்க, சில சீர்திருத்தங்கள் மட்டும் சாமானியர் கைவரை வந்து சேர்ந்தன. வாயால் நடந்ததை எழுத்துக்குக் கொண்டுவந்தவையே அப்படி வந்து சேர்ந்தன என்பது என் கணிப்பு.

அதிகாரிகளுக்கே இது தேவைப்பட்டது. ஓய்வுபெற்ற அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட 83 முன்னாள் அதிகாரிகள் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைச்சரோ மேலதிகாரியோ வாய்மொழியாக இடும் உத்தரவின்படி மட்டும் அதிகாரிகள் செயல்படக் கூடாது, அது எழுத்தில் பதிவாக வேண்டும் என்றது நீதிமன்றம். பதிவு செய்யாமல் செயல்பட்டால் தகவல் அறியும் உரிமையே தோற்றுப்போகும் என்று அது சொன்ன காரணம் குடிமக்களான நமக்கும் பொருந்தும்.

முதல் வேலை, மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குவது. தமிழ்நாட்டில் 2015-ல் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட அரசாணை எண் 99-ன்படி, குறைதீர் மனு பெற்ற 3 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விண்ணப்ப எண் உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுக்கும் மனுவுக்கு இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியும் முத்திரையும் கேளுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம். அதே மனுவை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். நாட்களைக் கணக்கிடவும் பின்னால் மேல்முறையீட்டுக்கும் இந்தச் சீட்டுதான் உதவும்.

ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லையா? அடுத்தது 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். “என் மனு ஏன் தாமதம்?” என்று கேட்டால், விளக்கம் தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். “இந்தத் தேதியில் இந்த எண்ணில் நான் கொடுத்த மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் சென்றது? ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும். இந்தச் சேவைக்கு நிர்ணயித்த காலக்கெடு குறித்த ஆணையின் நகல் வேண்டும்.” இப்படி எழுதியபின், கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பது தாளில் வந்தாக வேண்டும். இந்தக் கேள்வி மேசைக்கு வந்ததுமே அசையும் கோப்புகளும் உண்டு.

கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் சான்று இணைத்தால் அதுவும் இல்லை. “எதுக்குக் கேக்கறீங்க?” என்று கேட்க அலுவலருக்கு உரிமை கிடையாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்பதும் அதே 6-ஆம் பிரிவில் இருக்கிறது. கைநாட்டு வைக்கும் ஒரு மூதாட்டிக்கும் இந்தச் சட்டம் திறந்திருக்கிறது. இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வேதனை.

பதிலுக்குக் கெடு 30 நாள், உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நியாயம் இல்லையென்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நியாயமான காரணமின்றித் தகவல் மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதை அவர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இனி கையூட்டு. “கொடுத்துட்டு வேலையை முடிச்சுக்கலாம்” என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு, லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. கட்டாயத்தின்பேரில் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு வழி விடப்பட்டிருக்கிறது. கொடுத்த 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட வேண்டும். எட்டாம் நாள் அந்தக் கதவு மூடிவிடும். ஏழையை மிரட்டி வாங்கியவனையும் கொடுத்த ஏழையையும் ஒரே தராசில் நிறுத்தும் இந்தத் திருத்தம் நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் நடைமுறையில் இருப்பது இதுதான்.

அதனால் பணம் கேட்டவுடனே, கொடுப்பதற்கு முன்பே, உங்கள் மாவட்டத்தின் லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குப் போங்கள். முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு உதவியாகப் பணம் கொடுப்பது குற்றம் ஆகாது. ரசாயனம் தடவிய நோட்டுகளைத் தந்து அனுப்புவார்கள். அதைத் தொட்ட கை சோடா கரைசலில் இளஞ்சிவப்பாக மாறுவது நீதிமன்றத்தில் சாட்சியமாகும். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், சாட்சி சொல்லப் பலமுறை போக வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சி ஆனாலும்கூட, மற்றச் சான்றுகளைக் கொண்டு லஞ்சம் கேட்டதை நிரூபிக்க முடியும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருப்பது பெரிய ஆறுதல்.

அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் வாங்கித் தரும் சான்றிதழ் போலி என்று தெரியவந்தால் விசாரணைக்கு நிற்கப்போவது நீங்கள். சான்றிதழ் எண்ணை அரசு இணையதளத்தில் சரிபார்த்த பிறகே அதைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் குடிமகன் தானே ஓடியாடிச் செய்ய வேண்டியவை. சேவை உரிமைச் சட்டம் அந்தப் பாரத்தைத் திருப்பி அரசின் தோளில் வைக்கிறது. மத்தியப் பிரதேசம் 2010-ல் முதலில் கொண்டுவந்தது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் இத்தனை நாள் என்று அறிவித்து, தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று பொறுப்பான அலுவலர்மீது அபராதம் விதிக்கிறது. அந்தத் தொகையை விண்ணப்பித்தவருக்கே இழப்பீடாகத் தரவும் வழி உண்டு. பீகார், கர்நாடகம், கேரளம், மகாராஷ்டிரம் அடுத்தடுத்து இயற்றின. நாடு முழுமைக்குமாக 2011 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, 2014-ல் அவை கலைந்தபோது காலாவதியானது. கெடுவை ஆணையில் எழுதிவைப்பது போதாது, தவறினால் யார் கையிலிருந்து பணம் போகும் என்பதையும் சட்டம் சொல்ல வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள்: பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றிதழும் எத்தனை நாளில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அபராதம் யாருக்கு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.