“ரெண்டு மனசா இருக்கு!” – உள்ளுக்குள் பேசும் குரல்களைக் கேட்டுப் பார்ப்போமா?

“ஒரு மனசு படிக்கச் சொல்லுது. இன்னொரு மனசு போனை எடுக்கச் சொல்லுது.” எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் இப்படிப் புலம்பாத மாணவர்கள் குறைவு. வீட்டில் பாட்டியிடம் முக்கியமான ஒன்றைப் பற்றி முடிவு கேட்டால், “ரெண்டு மனசா இருக்குப்பா” என்பார். ஒரே மனிதருக்குள் ஒன்றுக்கும் மேற்பட்ட குரல்கள் உண்டு என்பது நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது.

இதையே அடித்தளமாகக் கொண்ட ஒரு மனநலச் சிகிச்சை முறை இன்று பல நாடுகளில் பேசப்படுகிறது. ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ என்பது அதன் பெயர். சுருக்கமாக ஐ.எஃப்.எஸ். தமிழில் ‘உள்மனக் குடும்பம்’ எனலாம். சிறு வயதில் மனத்தில் ஆழமான காயம் பட்டவர்களுக்கு இது உதவுமா என்பதே இதில் முக்கியமான கேள்வி.

எப்படிப் பிறந்தது?

இதை உருவாக்கியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் சுவார்ட்ஸ். இவர் அடிப்படையில் குடும்பப் பிரச்சினைகளுக்கான ஆலோசகர். 1980களின் தொடக்கத்தில் சிக்காகோவில், அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் பழக்கத்தால் துன்பப்பட்ட இளையோரிடம் பணியாற்றினார். குடும்பத்தில் இருந்த சிக்கல்களைச் சரிசெய்த பிறகும் சிலருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஏன் என்று அவர்களிடமே கேட்டார். “எனக்குள் ஒரு பகுதி என்னைத் திட்டுகிறது, இன்னொரு பகுதி கூனிக் குறுகுகிறது, வேறொரு பகுதி சாப்பாட்டைத் தேடி ஓடுகிறது” என்ற பொருளில் அவர்கள் பேசினார்கள்.

திட்டும் குரலை எதிர்த்து நிற்கும்படி முதலில் அவர் சொல்லிப் பார்த்தார். நிலைமை மோசமானது. பிறகு, “எதற்காக இப்படித் திட்டுகிறாய்?” என்று அந்தக் குரலிடமே கேட்க வைத்தார். அது பாதுகாக்கவே அப்படிச் செய்கிறது என்று தெரிய வந்தது. ஒரு குடும்பத்தில் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கினால் சண்டை தீராது. உள்ளத்துக்கும் அதுவே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்தார். 1995இல் இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார்.

மண்டோரும் பொம்பாவும்

இதைப் புரிந்துகொள்ள, ஜாசின் வட்டாரத்தில் நான்காம் படிவம் படிக்கும் ஒரு மாணவனைக் கற்பனை செய்வோம். அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, சம்பள நாளில் அப்பா சம்சு குடித்துவிட்டு வந்து தட்டுமுட்டுச் சாமான்களை உடைப்பார். அவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். இப்போது வயது 16. வகுப்பில் ஆசிரியர் சற்றுக் குரலை உயர்த்தினாலும் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் ஒளிந்த அந்தச் சிறுவன் இன்னும் அவனுக்குள் இருக்கிறான். பயமும் அவமானமும் சுமக்கும் இத்தகைய பகுதியை, ஒதுக்கி வைக்கப்பட்ட பகுதி என்கிறார் சுவார்ட்ஸ். அந்தச் சிறுவன் வெளியே வந்து அழுதுவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு வகையான காவலர்கள் உண்டு.

முதலாமவர் நிர்வாகி. நம் தோட்டத்து மொழியில் மண்டோர். பிரச்சினை வருவதற்கு முன்பே தடுப்பது இவர் வேலை. “ஒழுங்காப் படி, இல்லேன்னா நீ உருப்படவே மாட்டே” என்று உள்ளே ஓயாமல் விரட்டுபவர் இவர்தான்.

இரண்டாமவர் தீயணைப்பாளர். நாம் பொம்பா என்போம். வலி மீறி வந்துவிட்டால், எதைச் செய்தாவது அதை உடனே அணைப்பார். விடிய விடியக் கைப்பேசி விளையாட்டு, வேப், மது, திடீர்க் கோபம், கைகலப்பு எல்லாம் இவர் கொண்டுவரும் தண்ணீர். வீட்டுச் சாமான்கள் நனைந்து நாசமாகுமே என்று பொம்பா யோசிப்பதில்லை. நெருப்பு அணைந்தால் போதும்.

ஆகவே, நாம் கெட்ட பழக்கம் என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு காவல் இருக்கலாம். அதற்காக அந்தச் செயல் சரியென்று ஆகிவிடாது. ஆனால், “உனக்கு என்ன கோளாறு?” என்று கேட்பதற்கும் “உனக்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மனக்காயத்தைப் புரிந்துகொண்டு செய்யும் எந்தச் சிகிச்சையும் இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஆலோசனை அறையில் என்ன நடக்கும்?

இந்த எல்லாப் பகுதிகளுக்கும் அப்பால், ஒவ்வொருவருக்குள்ளும் அமைதியும் கருணையும் தெளிவும் துணிவும் கொண்ட ஒரு மையம் உண்டு என்கிறது இம்முறை. அதைத் ‘தன்னிலை’ எனலாம். ஆலோசகரின் துணையோடு, அந்தத் தன்னிலையிலிருந்து ஒவ்வொரு பகுதியிடமும் பேச வேண்டும்.

நம் மாணவன் தன் உள் மண்டோரிடம், “திட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்?” என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “நிறுத்தினால் நீயும் உன் அப்பா மாதிரி ஆகிவிடுவாய்” என்று பதில் வரலாம். “எனக்கு இப்போது எத்தனை வயது என்று நினைக்கிறாய்?” என்று கேட்டால், “ஆறு” என்று வரலாம். பத்து வருடம் ஓடிப்போனது அந்தக் காவலருக்குத் தெரியவே இல்லை! இதை உணரும்போதுதான் காவல் தளர்கிறது. அதன் பிறகே, காவலர்களின் சம்மதத்தோடு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் சிறுவனிடம் போகிறார்கள். அவசரம் கூடாது என்பது இம்முறையின் முக்கிய விதி.

‘அந்நியன்’ படம் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். இது அந்த வகை நோய் அல்ல. எல்லாருக்கும் பல பகுதிகள் உண்டு, அது இயல்பு. ஆனால், வெளியிலிருந்து யாரோ பேசுவது போல் குரல் கேட்டால், அல்லது நேரம் போனது தெரியாமல் நினைவு தப்பினால், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் மண்ணின் காயங்கள்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் இங்கும் மற்ற மாநிலங்களிலும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருக, பால்மரம் சீவத் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. திரும்பியவர்களுக்கு மனநல ஆலோசனை என்று ஒன்று இருக்கவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டபோது, வரிசை வீடுகளில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் பட்டணங்களுக்குச் சிதறினார்கள்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஒரு சமூகமே காயப்படுவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ‘மனவடு’ என்ற அழகான சொல் ஈழத்து மனநல எழுத்துகளில் புழங்குகிறது. தனிமனிதருக்கு மட்டும் சிகிச்சை தந்தால் போதாது. குடும்பமும் ஊரும் சேர்ந்தே குணமாக வேண்டும் என்பது அவர் கருத்து. அதை நாமும் மறக்கக் கூடாது. ஆறு வயதுச் சிறுவனை ஆற்றுப்படுத்தினாலும், அப்பாவின் குடி தொடர்ந்தால் அந்த வீட்டுக்கும் உதவி தேவை.

எவ்வளவு நம்பலாம்?

இம்முறைக்கான ஆய்வுச் சான்று இன்னும் குறைவு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுவாத நோயாளிகள் 79 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இம்முறையில் சிகிச்சை பெற்ற குழுவில் வலியும் மனச்சோர்வும் குறைந்தன. சிறு வயதுக் காயங்கள் கொண்ட 17 பேரிடம் நடந்த சிறிய ஆய்வும் நம்பிக்கை தந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் இவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. கடும் மனக்காயத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது, காயத்தை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் ஆகும்.

எனவே, இணையக் காணொளியைப் பார்த்துவிட்டுப் பழைய காயங்களைத் தனியே கிளற வேண்டாம். நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. “நான் ஒரு தோல்வி” என்று தோன்றும்போது, “எனக்குள் ஒரு பகுதி அப்படி நினைக்கிறது” என்று தாளில் எழுதுங்கள். அது எதைக் கண்டு பயப்படுகிறது என்று அடுத்த வரியில் எழுதுங்கள். வலி கூடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உதவி எங்கே?

உங்கள் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். பல்கலைக்கழகம், போலிடெக்னிக் மாணவர்களுக்கு ஆலோசனைப் பிரிவு உண்டு. வெளியே போவதானால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. தாலியான் காசே 15999. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, உயிரை விடும் எண்ணம் வந்தால் போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

ஆலோசகர் தமிழர் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். மலாயில் முழுதாகச் சொல்ல வரவில்லை என்றால் பாதியாவது சொல்லுங்கள். மீதியைக் கேட்டு வாங்குவது அவர் வேலை. தமிழ் ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்தாலும் தவறில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், பாட்டி சொன்னதையே சொல்லுங்கள்: “டீச்சர், எனக்கு ரெண்டு மனசா இருக்கு.” பேச்சைத் தொடங்க அது போதும்.